அச்சிட்ட நாவல் ஏன் வாசகரைச் சேரவில்லை? சொந்தமாகப் பதிப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபத்தில் என் வீட்டு முன்னறையில் 300 பிரதிகளாக வந்திறங்கிய என் முதல் நாவலில், ஓராண்டு கழிந்த பின்னும் 190 பிரதிகள் கட்டுப் பிரிக்கப்படாமலே இருந்தன. மக்கள் வாசிப்பதை விட்டுவிட்டார்கள், கைப்பேசி எல்லோருடைய நேரத்தையும் தின்றுவிட்டது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள் அந்தக் கட்டுகளில் ஒன்றைக்கூட நகர்த்தவில்லை. இராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என இந்தக் கரையோரத்தில் சொந்தப் பணத்தில் நாவல் அச்சிட்டுவிட்டு இதே கேள்வியோடு இருப்பவர்கள் பலரை அதன்பின் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்காகவும், முதன்முறையாக அச்சகத்துக்குப் போகவிருக்கும் புதியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஏன் யாரும் வாசிப்பதில்லை என்பது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும், அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. புத்தகம் வந்திருப்பதே தெரியாதவர்கள் சிலர். தெரிந்தும் கையில் எடுக்காதவர்கள் சிலர். வாங்கியும் பாதியில் மூடி வைத்தவர்கள் சிலர். கடைசிப் பக்கம் வரை வாசித்தும் அடுத்தவரிடம் அதைப் பற்றிப் பேசாதவர்கள் சிலர். இந்த நால்வருக்கும் ஒரே மருந்து கிடையாது. பாதியில் மூடப்படும் நாவலுக்கு விளம்பரம் செய்தால், பாதியில் மூடுபவர்களின் எண்ணிக்கைதான் கூடும். ஆகவே எந்த இடத்தில் அடைப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள்

ஒரு நீள நோட்டு வாங்கி, வீட்டை விட்டு வெளியேறிய ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரி எழுதுங்கள். யாரிடம் போனது, எந்த நாளில் போனது, விலைக்கா இலவசமாகவா, யார் சொல்லி அவர் கேட்டார் என்று நான்கு பத்திகள் போதும். நான்காவது பத்தியை மட்டும் ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள்; அதன் பயன் கடைசியில்தான் தெரியும். இதுவரை கணக்கு வைக்காதவர்கள் நினைவிலிருந்தாவது எழுதிப் பார்க்க வேண்டும். என் முதல் நாவலின் 110 பிரதிகளை அப்படி எழுதியபோது, 70க்கும் மேற்பட்டவை உறவினருக்கும் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் மரியாதைக்காகக் கொடுத்தவை என்பதும், முன்பின் அறிமுகம் இல்லாமல் காசு கொடுத்து வாங்கியவர்கள் 9 பேர்தான் என்பதும் தெரிந்தது. நூறு பிரதிக்கு மேல் போயிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாவல், உண்மையில் அந்த 9 பேரிடம்தான் போயிருந்தது.

அடுத்து, அந்த வரிகளில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அப்போது, ‘எப்படி இருந்தது’ என்று மட்டும் கேட்கக் கூடாது. நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு, ‘நல்லா இருந்துச்சு’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. அது வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பதைப் போன்ற ஓர் உபசாரம். எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள், யாருடைய பெயர் இன்னும் நினைவில் நிற்கிறது, வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேளுங்கள். மூடி வைப்பது குற்றமில்லை என்பது உங்கள் குரலில் தெரிய வேண்டும். நான் பேசிய 40 பேரில் 17 பேர் முப்பதாம் பக்கத்துக்கும் ஐம்பதாம் பக்கத்துக்கும் நடுவே நிறுத்தியிருந்தார்கள். அந்த இருபது பக்கங்களில்தான் கதை நாயகியின் குடும்ப வரலாற்றை மூன்று தலைமுறைக்கு நான் விரித்து எழுதியிருந்தேன். எவ்வளவு பெரிய விழா எடுத்திருந்தாலும் அந்த இருபது பக்கங்களைக் கடக்க அது உதவியிருக்காது.

அச்சுக்கு முன்பே ஐந்து பேர் வாசிக்க வேண்டும்

சொந்தப் பதிப்பில் நமக்கு மேல் யாரும் இல்லை என்பது ஒரு விடுதலை. நம் பிழையைத் தடுக்கவும் யாரும் இல்லை என்பது அதன் மறுபக்கம். பதிப்பகத்தில் ஒரு செம்மையாக்குநர் செய்யும் வேலையை இங்கே நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். இருவர் நிறைய நாவல் வாசிப்பவர்களாகவும், ஒருவர் அதிகம் வாசிக்காதவராகவும், ஒருவர் உங்கள் கதை நடக்கும் தொழிலைச் செய்பவராகவும், ஒருவர் இந்தக் கரையையே பார்க்காதவராகவும் இருக்கட்டும். உறவினர் வேண்டாம்.

தொழில் தெரிந்தவரைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இரண்டு பக்கமும் கடல். பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்கிறோம். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றின் காலத்தில் அது தலைகீழாகும். அதனால்தான் நாட்டுப்படகுக்காரர்கள் பருவத்துக்குத் தக்கபடி பக்கம் மாறித் தொழில் செய்கிறார்கள். இதையெல்லாம் அறிந்திருந்தும், என் நாவலின் நான்காம் அத்தியாயத்தில் மார்கழி இரவில் வடகடலைக் குளம்போல எழுதி வைத்திருந்தேன். அச்சான பிறகு அதை வாசித்த ஒரு பெரியவர், “வாடை நேரத்துல வடகடல் இப்படித் தூங்குமா, தம்பி?” என்று கேட்டுவிட்டு அதற்கு மேல் படிக்கவில்லை. கடலைப் பற்றி நான் எழுதியதை நம்பாதவர், அந்தக் கடலில் போன மனிதர்களைப் பற்றி எழுதியதையும் நம்பமாட்டார். அவர் வழியாக அந்த நாவல் சென்றிருக்கக்கூடிய ஒரு தெருவே எனக்கு அன்றைக்கு அடைபட்டது.

கரையைப் பார்க்காத வாசகருக்கு வேறொரு தேவை இருக்கிறது. வத்தை, வல்லம், கரைவலை, சோழகம், கச்சான் என்று படகுக்கும் வலைக்கும் காற்றுக்கும் நாம் வழங்கும் சொற்களை நீக்க வேண்டாம். அவைதான் உங்கள் நாவலின் உப்பு. ஆனால் முதல் பக்கத்திலேயே அவை பத்து வந்தால் வெளியூர் வாசகர் திணறுவார். ஒரு சொல் முதன்முதலாக வரும் இடத்தில், அதன் பொருள் காட்சியிலேயே தெரியும்படி எழுதிவிட்டால், புத்தகத்தின் பின்னால் அருஞ்சொற்பட்டியல் தேவைப்படாது.

மெய்ப்புத் திருத்துவதற்கு இந்த ஐவரை நம்பாதீர்கள். சந்திப்பிழையும் ஒற்றுப்பிழையும் பார்க்கத் தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்தே செய்யுங்கள். அட்டைச் செலவைக் குறைத்தாவது இதற்குப் பணம் ஒதுக்கலாம். மூன்றாம் பக்கத்தில் இரண்டு எழுத்துப்பிழைகளைப் பார்க்கும் வாசகர், இதை எழுதியவரே திரும்ப வாசிக்கவில்லை என்று முடிவுசெய்துவிடுவார்.

கையில் எடுக்க வைக்கும் மூன்று இடங்கள்

தலைப்பு, முன்னட்டை, பின்னட்டை வாசகம் ஆகிய மூன்றையும் வைத்தே ஒருவர் புத்தகத்தை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்கிறார். முன்னட்டையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். இன்றைக்குப் பெரும்பாலானோர் அதைக் கைப்பேசியில் கட்டைவிரல் நகம் அளவில்தான் முதலில் பார்க்கிறார்கள்; அந்த அளவில் தலைப்பை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். பாம்பன் பாலத்தின் படம் போட்ட அட்டைகள் ஏராளமாக இருப்பதால், கதையில் பாலத்துக்கு வேலை இல்லாவிட்டால் அதைத் தவிர்ப்பது நல்லது.

பின்னட்டையில்தான் நம்மில் பலர் தவறுகிறோம். ‘கடலோர மக்களின் வலிகளையும் மனித மனத்தின் ஆழங்களையும் பேசும் உன்னதப் படைப்பு’ என்ற வரியை எந்த நாவலின் முதுகிலும் ஒட்டலாம். அதற்குப் பதில், ‘1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி வீடு போன பிறகும், அந்த வீட்டின் சாவியை இடுப்பிலேயே முடிந்து வைத்திருந்த ஒரு கிழவி, பேத்தியின் கல்யாணத்துக்கு முதல்நாள் அதைத் தொலைத்துவிடுகிறாள்’ என்று எழுதினால், வாசிப்பவர் மனதில் உடனே ஒரு கேள்வி எழும். ஒரு மனிதர், ஓர் இடம், ஓர் இக்கட்டு ஆகிய மூன்றும் இருந்தால் நான்கு வரி போதும். பிரமுகர்களின் பாராட்டுரைகளை அதற்குக் கீழே போட்டுக்கொள்ளலாம், மேலே வேண்டாம்.

எத்தனை பிரதி, என்ன விலை

முதல் அச்சு 100 பிரதிகளைத் தாண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கூடுதலாக அச்சிட்டால் ஒரு பிரதியின் செலவு குறையும் என்று அச்சகத்தார் சொல்வது உண்மைதான். ஆனால் விற்காத பிரதியின் செலவு முழுவதும் உங்களுடையது. இப்போது டிஜிட்டல் அச்சில் 50, 100 என்று குறைந்த எண்ணிக்கையில் அடித்துக்கொள்ள முடிகிறது. 16 பக்கம் ஒரு பாரம் என்பதால், 240 பக்க நாவல் 15 பாரத்தில் அடங்கும். 243 பக்கமாக வந்தால் மூன்று பக்கத்தைச் சுருக்கிவிடுவது மிச்சம்.

விலையை நிர்ணயிக்கும்போது கடைக்காரரின் கழிவை மறந்துவிடுகிறோம். ஒரு பிரதிக்கு 120 ரூபாய் செலவாகி, 250 ரூபாய் விலை வைத்து, கடைக்கு 40 விழுக்காடு கழிவு கொடுத்தால், உங்கள் கைக்கு வருவது 150 ரூபாய்; செலவு போக மிஞ்சுவது 30 ரூபாய். அஞ்சல் செலவையும் நீங்களே ஏற்றால் அதுவும் நிற்காது. நேரடியாக விற்கும் ஒரு பிரதி, கடை வழியாக விற்கும் நான்கு பிரதிகளுக்குச் சமமாகிறது. எனவே உங்கள் கைப்பேசி எண்ணும் யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பும் க்யூ.ஆர். குறியீடும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு நூலுக்கும் தனி அடையாளமான ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. எழுத்தாளரே பதிப்பாளராக விண்ணப்பிக்கலாம். இதற்கென்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இடையில் உள்ள நிறுவனம் வாங்கித் தரும் எண்ணில் பதிப்பாளராக அந்த நிறுவனத்தின் பெயர் பதிவாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். காப்புரிமை (காப்பிரைட்) எழுதியவுடனேயே உங்களுக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பதிவு கட்டாயமில்லை.

நம் கரையின் வாசகர்கள் எங்கே இருக்கிறார்கள்

கூட்டம் இருக்கும் இடமெல்லாம் வாசகர் இருக்கும் இடமல்ல. ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்திலும் சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் நிற்கும் ஆயிரக்கணக்கானோரைப் பார்த்துவிட்டு, அங்கே மேசை போட்டால் விற்றுவிடலாம் என்று நானும் நினைத்தேன். பிதுர்க் கடனுக்காக வந்தவர் ஈரத்துணியோடு நாவலைப் புரட்டமாட்டார். ஒரு நாள் முழுக்க நின்று இரண்டு பிரதி விற்றேன்.

மாறாக, வாசிக்க நேரம் கிடைக்கும் காலத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். கரையில் ஆட்கள் இருப்பார்கள், நேரமும் இருக்கும். ஆனால் வருமானம் இருக்காது. அந்த இரண்டு மாதங்களில் விலைக்கு விற்க முயல்வதைவிட, பிரதிகளைச் சுற்றுக்கு விடுவதே பொருத்தம். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் ஐந்து பிரதிகளை ஐந்து வீடுகளில் கொடுத்து, பத்து நாளில் அடுத்த வீட்டுக்கு மாற்றிவிடும்படி கேட்டேன். தடைக்காலம் முடிந்தபோது அட்டை கிழிந்து திரும்பிய அந்த ஐந்து பிரதிகளை எத்தனையோ பேர் வாசித்திருந்தார்கள். தொழில் தொடங்கிய பிறகு அவர்களில் ஆறு பேர் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கங்களில் குடும்பத்துக்கு ஒருவராவது வளைகுடா நாடுகளில் இருப்பார். ஊர் நினைவோடு இருக்கும் அவர்களுக்கு ஊரின் பேச்சுமொழியில் எழுதப்பட்ட நாவல் ஒரு கடிதம் போன்றது. அவர்களுக்கு அச்சுப் பிரதியை அனுப்பும் செலவு கட்டாது, மின்னூல்தான் வழி. கீழக்கரையில் ஒரு சிறு எச்சரிக்கை. உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதியின் ஊரில் இன்றும் கொடையாளர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் 50 பிரதிகளை மொத்தமாக வாங்கித் திருமணத்தில் கொடுக்க முன்வரலாம். நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 50ஐ வாசகர் கணக்கில் எழுதாதீர்கள்.

நூலகங்களை மறக்கக் கூடாது. 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்ட மாநிலம் இது. கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கும். அங்குள்ள வாசகர் வட்டத்தாரைச் சந்தித்து, ஒரு பிரதியை அன்பளிப்பாகக் கொடுத்து, ஒரு மாலை பேச நேரம் கேளுங்கள். மாநில அளவிலான கொள்முதலுக்குப் பொது நூலகத் துறை இணையவழியில் விண்ணப்பம் பெறுகிறது. அறிவிப்பு வரும் காலத்தை இராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணை கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் அதை நம்பி அச்சிடாதீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் மும்பை, தில்லியிலுள்ள உரிய நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். இப்போது பதிப்பாளர் நீங்கள்தான்.

புத்தகக் கண்காட்சியில் ஒற்றை நாவலுக்காகத் தனி அரங்கு எடுப்பது வீண். பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைக் கண்காட்சியானாலும் நம் மாவட்டத் திருவிழாவானாலும், உங்களைப் போன்ற நூல்களை விற்கும் ஓர் அரங்கில் பத்துப் பிரதிகளை ஒப்படைத்து, இரண்டு மாலைகளாவது நீங்களே அங்கு நில்லுங்கள். விற்பதற்காக மட்டுமல்ல, உங்கள் புத்தகத்தை எடுப்பவர் எந்தப் பக்கத்தைப் பிரிக்கிறார், எங்கே திரும்ப வைக்கிறார் என்று கண்ணால் பார்ப்பதற்காக.

வெளியீட்டு விழா, மின்னூல், சேமிப்பு

விழாவுக்குச் செலவிடும் பணத்தில் பாதியைக் கொண்டு 15 பேருக்கு ஒரு மாதம் முன்பே பிரதி கொடுத்து, வாசித்தவர்களை மட்டும் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். சால்வையும் வாழ்த்துரையும் அன்றைய மாலையோடு முடிந்துவிடும்; வாசித்த 15 பேரின் கருத்து வேறுபாடு தெருவுக்குத் தெரு போகும்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் நூல்களை நாமே ஏற்றலாம்; ஐ.எஸ்.பி.என். கட்டாயமில்லை. அதன் செலக்ட் என்னும் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. ஆகவே பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் தொடராக முழு நாவலையும் விட்டவர்கள் அதை நீக்காமல் இதில் சேரக் கூடாது. கிண்டில் சந்தாதாரர்கள் எத்தனை பக்கம் வாசித்தார்கள் என்ற கணக்கு இந்தத் திட்டத்தில் நாள்தோறும் வரும். வாசிக்கப்பட்ட பக்கங்கள் மிகக் குறைவாகவே நிற்கின்றன என்றால், அடைப்பு உங்கள் தொடக்க அத்தியாயங்களில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அஞ்சலில் நூல்களுக்கென ஞான் போஸ்ட் என்ற சேவை 2025 மே 1 முதல் இருக்கிறது. உங்கள் நாவல் அதில் ஏற்கப்படுமா என்பதை அஞ்சலகத்தில் கேட்டுவிட்டு விலையைச் சொல்லுங்கள். பிரதிகளைச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள். உப்புக்காற்று தாளை ஒரே பருவத்தில் பழுப்பாக்கிவிடும், ஈரம் பட்ட கட்டில் இராமபாணப் பூச்சி ஏறிவிடும். பலகை மேல், பாலித்தீன் உறையில், ஐப்பசி மழைக்கு முன்பே கட்டி வையுங்கள்.

எப்போது மறுஅச்சு

நோட்டின் நான்காவது பத்திக்கு வருவோம். அதில் முதலில் உங்கள் பெயரும் வீட்டார் பெயரும் நண்பர் பெயருமே நிறைந்திருக்கும். நீங்கள் சொல்லி ஒருவர் வாங்குவது நீங்கள் சொல்வதை நிறுத்தியதும் நின்றுவிடும் என்பதால், அந்த வரிகளை வைத்து மறுஅச்சு முடிவு செய்யாதீர்கள். என் இரண்டாவது நாவலை 100 பிரதிகள் மட்டும் அச்சிட்டேன். 83ஆவது வரியில், மூக்கையூரிலிருந்து கூப்பிட்ட ஒருவர், தனக்கு இதைச் சொன்னவர் என்று நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அடுத்த மூன்று வாரங்களில் அப்படி எனக்குத் தெரியாத பெயர்கள் இன்னும் நான்கு வந்தன. அதன் பிறகுதான் அச்சகத்தைக் கூப்பிட்டு இன்னொரு 100 பிரதிகளுக்குச் சொன்னேன்.